இருபத்திநாலாம் வாரம்

தத்தெடுப்பு வரிசையில் பெயர் கொடுத்தபோது ஜெமிமாவுக்கு முப்பத்தொரு வயது. இப்போது நாற்பது. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் இயற்பியல் டீச்சர். கணவன் ஏனோக் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன்களைப் பராமரிக்கும் பொறியாளர். இந்த ஒன்பது வருஷத்தில் அதிகாரிகள் நான்கு முறை வந்து அவர்கள் வீட்டைச் சோதித்துவிட்டுப் போனார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு, குளியலறைத் தரை வழுக்குகிறதா என்று காலால் தேய்த்துப் பார்த்தார். இன்னொருவர் பக்கத்து வீட்டில் போய், இவர்கள் சண்டை போடுவதுண்டா என்று விசாரித்தார்.

நடுவில் ஒரு முறை நாகர்கோவில் காப்பகத்தில் ஏழு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியைக் காட்டினார்கள். அவள் ஜெமிமாவின் கைப்பையைத் தானே திறந்து, சீப்பை எடுத்துத் தலை சீவிக்கொண்டாள். ஆறு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. பெற்றவனின் கையெழுத்து இல்லாததால் அவளைத் தத்துக் கொடுக்க இயலாது என்றிருந்தது. பெற்றவன் எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளை காப்பகத்திலேயே இருந்துவிட்டாள்.

அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் ஏனோக் 'புதுத்துளிர்' மையத்தின் பேச்சை எடுத்தான். அப்பா வைத்துவிட்டுப் போன மனையை விற்றால் அங்கே பதிவு செய்யலாம் என்றான்.

மையத்தின் தலைமை டாக்டர் சுகிர்தா அவர்களை ஒரு திரைக்கு முன்னால் உட்காரவைத்தார். வருகிற எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பழகிய பேச்சு அவருடையது.

"ஐம்பது வருஷமா ரெண்டு கட்சியும் அடிச்சுக்கிட்டாங்க. கருவும் ஒரு உயிர், கொல்லாதேன்னு ஒரு கட்சி. அவ உடம்பு, அவ முடிவுன்னு இன்னொரு கட்சி. இப்ப கலைக்கணும்னு வர்ற பொண்ணுகிட்டேருந்து எட்டாவது வாரத்துல கருவை எடுத்து, செயற்கைக் கருப்பை இருக்கற பேழையில வைக்கிறோம். மிச்ச மாசத்தைப் பேழை சுமக்கும். அவளுக்கும் விடுதலை, கருவும் சாகல. உங்களை மாதிரி வீட்டுக்கும் ஒரு பிள்ளை. இதுல தோத்தவங்க யாரு, சொல்லுங்க?"

"கலைக்கிற மாத்திரை இப்பம் கெடையாதா?" என்று ஜெமிமா கேட்டாள்.

"பேழைச் சட்டம் வந்ததும் எடுத்துட்டாங்க. இனிமே அதுக்கு என்ன தேவை?"

ஜெமிமா தலையாட்டினாள். அந்தச் சட்டத்துக்காகச் சபையார் நடத்திய ஊர்வலத்தில் அட்டை பிடித்து நடந்தவள்தான் அவளும். ஊசிகோபுரம் சர்ச்சிலிருந்து கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் வெயிலில் நடந்தாள். கால் கொப்பளித்தபோதுகூட ஒரு திருப்தி இருந்தது.

திரையில் வரிசை வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எண், எத்தனையாவது வாரம், எதிர்பார்க்கும் உயரம், வெளுப்பிலிருந்து கறுப்பு வரை ஐந்து படிகளில் ஒன்றாகத் தோல் நிறம். பெற்றவளின் 'குடும்பப் பின்னணி' என்று ஓர் எழுத்து. அந்த எழுத்து எதைச் சொல்கிறது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்பதால் அதைச் சொல்லவில்லை. கட்டத்தின் ஓரக் கோடு மட்டும் சிலவற்றுக்கு நீலமாகவும் சிலவற்றுக்கு ரோஸாகவும் இருந்தது.

ஏனோக் சற்று முன்னால் குனிந்தான். "இது கொஞ்சம் நெறமா இருக்கும் போலிருக்கே."

"நல்ல தேர்வு சார். இதே மாதிரி இன்னும் ரெண்டு இருக்கு. எடுத்துக் காட்டவா?"

ஜெமிமா மேஜையிலிருந்த தம்ளரை எடுத்தாள். தண்ணீர் குடித்தாள். எழுந்து போயிருக்கலாம். ஒன்பது வருஷம் அவளைப் பிடித்து உட்காரவைத்தது. அவளும் விரலால் திரையைத் தள்ளினாள், பக்கம் பக்கமாக. கடைசியில் இருபத்தேழாம் எண்ணில் இருவரும் நின்றார்கள். பதினாறாவது வாரம், ரோஸ் நிறக் கோடு. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஏனோக் விசிலடித்துக்கொண்டே வண்டி ஓட்டினான். அவள் புறங்கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வந்தாள். கையில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

சனிக்கிழமைதோறும் பார்க்க அனுமதித்தார்கள். மங்கலான சிவப்பு வெளிச்சத்தில் ஒரு நீண்ட கூடம். இரண்டு பக்கமும் கண்ணாடிப் பேழைகள். உள்ளே மெல்லிய பையில் மிதந்துகொண்டு, விரல் சப்பிக்கொண்டு, சிலது தூங்கிக்கொண்டு. ஒவ்வொரு பேழைக்கும் ஒரு மைக் உண்டு. ஜெமிமா அதில் அன்றைக்கு வகுப்பில் நடந்ததைச் சொல்வாள். சமைத்ததைச் சொல்வாள். இருபத்தேழுக்கு விக்கல் எடுக்கும்போது பை முழுவதும் துள்ளும். அதைப் பார்க்கிற நேரத்தில் மட்டும் அந்தத் திரை அவளுக்கு மறந்துபோகும்.

பக்கத்துப் பேழை முப்பத்தொன்று. அதைப் பார்க்க யாரும் வந்ததில்லை. ஆனால் சரியான சேட்டை. கூடத்திலேயே அதிகம் உதைப்பது அதுதான். ஜெமிமா கிளம்பும்போது அதன் கண்ணாடியையும் ஒரு தட்டுத் தட்டுவாள். உள்ளேயிருந்து பதிலுக்கு ஓர் உதை வரும்.

ஒரு சனிக்கிழமை அந்தப் பேழை காலியாக இருந்தது. நர்ஸ் ராஜகனி அதற்குள் குழாயைவிட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். ப்ளீச்சிங் வாடையும் அதற்கு அடியில் மீன் கழுவிய தண்ணீர் மாதிரி இன்னொரு வாடையும் வந்தது.

"பிள்ளை பொறந்துட்டா சிஸ்டர்? இன்னும் நாள் இருக்கே?"

ராஜகனி நிமிரவில்லை. "நிறைவாயிட்டு."

"அப்படீன்னா?"

"டீச்சர், உங்க பிள்ளையப் பாத்துட்டுப் போங்க."

ஜெமிமா நகரவில்லை. ராஜகனி குழாயை மூடினாள். கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டாள். "இருவத்திநாலு வாரத்துக்குள்ள யாரும் பதியலன்னா நிறுத்திருவாவ. சுவிட்சு டாக்டரம்மா ரூம்ல இருக்கு. கழுவுதது நான். இந்த மாசத்துல இது நாலாவது. வீட்ல போயி எத்தன சோப்புப் போட்டாலும் சோறு எடுத்து வாயில வைக்க முடியல டீச்சர்."

ஜெமிமா போய்க் கேட்டபோது டாக்டர் சுகிர்தா எதையும் மறுக்கவில்லை. அதுதான் ஜெமிமாவை நிலைகுலைய வைத்தது.

"விதியில இருக்கறதைத்தான் செய்யறோம். ஏற்க ஆள் இல்லாத கருவை அதுக்கு மேல வளர்க்கணும்னு எந்தச் சட்டமும் சொல்லல. பேழையிலேருந்து வெளிய எடுத்தாதான் பிறப்பு. அதுவரைக்கும் கரு. எல்லாத்தையும் வெளிய எடுத்தா யாருகிட்ட கொடுக்கறது? காப்பகத்துலயா? அங்க இருக்கறதுக்கே வீடு கிடைக்கல, உங்களுக்கே தெரியும்."

"பெத்தவகிட்ட என்ன சொல்லுவீங்க?"

"நல்ல குடும்பத்துக்குப் போயிருக்குன்னு ஒரு கடிதம் போடுவோம். நிம்மதியா இருக்கட்டுமேன்னு."

"அது பொய்லா?"

"பொய்தான்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டீச்சர், முப்பத்தொண்ணை நீங்களும் பாத்தீங்க. ரெண்டாம் பக்கத்துல இருந்தது. எத்தனை விநாடி உங்க விரல் நின்னுச்சுன்னுகூட எங்ககிட்ட பதிவு இருக்கு. நாலு விநாடி. நிறம் அஞ்சாவது படி, மேலுதட்டுல பிளவு. சின்ன ஆப்பரேஷன்ல சரியாயிடும்னு கீழேயே எழுதியிருந்தோம். பதினோரு ஜோடி பாத்தாங்க. பதினோரு ஜோடியும் தள்ளிவிட்டுட்டாங்க. கடைசியா சுவிட்சை அணைச்சது மட்டும்தான் நான்."

ஜெமிமா வெளியே வந்து கழுவுதொட்டியில் விரல்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அந்த நாலு விநாடி அவளுக்கு நினைவில்கூட இல்லை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

மையத்தின் வாசலுக்கு எதிரே பஸ் நிழற்குடை. அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபது வயதிருக்கும். சீருடைச் சட்டையில் ஏதோ பேட்டரி கம்பெனியின் பெயர். மடியில் ஒரு கடிதம்.

"அக்கா, நீங்க உள்ளேருந்துதான வாரீய? என்னைய வாட்ச்மேன் விடமாட்டேங்கான்." கடிதத்தை நீட்டினாள். "இந்த நம்பரு எந்த ஊருக்குப் போச்சுன்னு கேட்டுச் சொல்லுவியளா? எனக்குப் பிள்ளை வேணும்னு வரலக்கா, சத்தியமா. நல்லா இருக்கான்னு ஒரே ஒரு தடவ தெரிஞ்சாப் போதும்."

முந்தாநாள் தேதியிட்ட அந்தக் கடிதத்தில் 'இனிய இல்லத்தில் மகிழ்ச்சியாக வளரப்போகிறது' என்று அச்சடித்திருந்தது. மூலையில் எண் முப்பத்தொன்று.

பஸ் வந்து நின்றது. ஏறிப் போய்விடலாம். ஜெமிமா ஏறவில்லை. பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, பெயரைக் கேட்டாள். இசக்கிப்ரியா என்றாள். பிறகு ஜெமிமா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள், நாலு விநாடி உட்பட.

இசக்கிப்ரியா அழவில்லை. "எத்தனையாவது வாரம்?" என்று கேட்டாள்.

"இருவத்திநாலு."

"அசைஞ்சிருக்குமே."

"அசைஞ்சது. நான் தட்டுனா உதைக்கும்."

அந்தப் பெண் ரோட்டில் எட்டித் துப்பினாள். வெகுநேரம் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அப்பம் என்னைய எதுக்குக்கா அறுத்தாவ?" என்றாள். "ஏழாவது வாரத்துல ரெண்டு மாத்திரை தாங்கன்னு காலப் புடிச்சேன். பயறு கணக்கா இருந்துது அப்பம். அது உசிரு, அதைக் கொல்லக்கூடாதுன்னாவ. எங்க ஊரு கோயில் கமிட்டிக்காரரு வந்தாரு, உங்க சர்ச்சு ஆளுக வந்தாவ, ஆபீசுலேருந்து ஒரு அம்மா வந்தாவ. எல்லாரும் தங்கமா பேசுனாவ. வயித்துல ஒம்பது தையல். ரெண்டு மாசம் வேலைக்குப் போவல. சரி, ஒரு உசிரு பொழச்சுதேன்னு பொறுத்துக்கிட்டேன். பயறா இருக்கையில விடமாட்டேன்னுட்டு, கையுங் காலுமா வளத்து... எதுக்குக்கா?"

ஜெமிமா ஊர்வலத்தில் நடந்த தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு பேரும் சேர்ந்து புகார் எழுதினார்கள். இசக்கிப்ரியா பெயரில், ஜெமிமாவைச் சாட்சியாகக் காட்டி, அது போலீஸுக்குப் போனது. மூன்றாவது நாள் மையத்திலிருந்து ஜெமிமாவுக்கு ஒரு செய்தி வந்தது. பதிவின்போது கையெழுத்திட்ட ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை மீறியதால் இருபத்தேழாம் எண்ணுக்கான பதிவு மறுபரிசீலனையில் இருக்கிறது. புகார் திரும்பப் பெறப்படாவிட்டால் அந்தப் பேழை ஏற்பவர் இல்லாததாகக் கருதப்படும். தற்போது இருபத்திரண்டாவது வாரம்.

ஏனோக் அதைப் படித்துவிட்டுத் தானே மஞ்சள் பெயின்ட் அடித்துவைத்திருந்த அறையில் போய்த் தரையில் உட்கார்ந்தான். "நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்லல," என்றான். "ஆனா நம்ம பிள்ளை உள்ள கெடக்கு ஜெமி. எவன் வீட்டு நியாயத்துக்கோ அதைக் குடுக்கணுமா?" அவன் தோள் குலுங்கியது. இந்த மனுஷன் அழுது அவள் பார்த்ததில்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் ஜெமிமா பேட்டரி கம்பெனி வாசலில் போய் நின்றாள். இசக்கிப்ரியா டிபன் பாக்ஸோடு வெளியே வந்தாள். ஜெமிமா மையத்தின் செய்தியைத் திறந்து போனை நீட்டினாள். அந்தப் பெண் இரண்டு முறை படித்தாள்.

"இருவத்தேழு. அதான் உங்களுதா?"

ஜெமிமா தலையை ஆட்டினாள். இந்தப் பெண்ணிடம் போய் இதைக் கேட்டு நிற்கிறோமே என்று தன்மேலேயே காறி உமிழ வேண்டும்போல இருந்தது.

ஜெமிமா கொண்டுவந்திருந்த, புகாரைத் திரும்பப் பெறும் தாளை இசக்கிப்ரியா சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். "ஒண்ணாவது பொழைக்கட்டும். ஆனா பிள்ளை உங்க கைக்கு வந்த பொறவு இதை வெளிய பேசுவியளா?"

"பேசுவேன்."

"சரிக்கா. சாப்பிட்டியளா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனாள்.

மாசி மாதம் பிள்ளை வந்தாள். ரூத் என்று பெயர் வைத்தார்கள். மூன்று கிலோ. தூக்கத்தில் சிரிப்பாள். ஏனோக் துறைமுகத்துக்கு ஒரு மாதம் லீவு போட்டுவிட்டான். ஆலயத்தில் ஸ்தோத்திர ஆராதனை நடந்தது. போதகர் பிள்ளையைக் கையில் ஏந்தி, "இந்தச் சட்டம் வந்தபிறகு ஒரு உயிரும் வீணாகிறதில்லை, அதற்கு இந்தக் குழந்தையே சாட்சி," என்றார். சபையார் ஆமென் என்றார்கள். ஜெமிமாவின் உதடும் ஆமென் என்றது. அன்றைக்கு விருந்துப் பிரியாணியை அவளால் தொட முடியவில்லை.

தத்து ஆணை முழுமையாக ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் கண்காணிப்பு மையத்தின் கையில். ஒரு வருஷம் முடியட்டும், பேசலாம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ராஜகனி ஒரு மாதத்தில் நான்கு என்று சொன்னாளே, அந்தக் கணக்கை மட்டும் அவள் போட்டுப் பார்க்கவில்லை.

ஆறு வாரம் கழித்து மதுரை நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தது. இசக்கிப்ரியா ஒரு பெண் வக்கீலைப் பிடித்து வழக்குப் போட்டிருந்தாள். மனுவில் இருந்த தேதியில் ஜெமிமாவின் விரல் நின்றது. ரூத் பேழையை விட்டு வெளியே வந்ததற்கு மறுநாள். அந்தப் பெண் ராஜகனியிடம் நாள் கேட்டுக் காத்திருந்திருக்கிறாள். அக்கா பேசுவாள் என்று நம்பிக் காத்திருக்கவில்லை.

"ஞாபகம் இல்லன்னு சொல்லிரு," என்றான் ஏனோக். "ஒரே வார்த்தை. பொய்கூட இல்ல, அந்த நாலு விநாடி உனக்கு ஞாபகம் இல்லதான."

ஜெமிமா பிள்ளையை அவன் மடியில் வைத்துவிட்டு ரயிலேறினாள். சாட்சிக் கூண்டில் நின்று, கழுவிய பேழையையும் ராஜகனி சொன்னதையும் டாக்டர் சொன்னதையும் தன் விரல் தள்ளியதையும் சொன்னாள். மையத்தின் வக்கீல் எழுந்து, "உங்கள் கண்காணிப்பு வருஷம் இன்னும் முடியவில்லை என்பது தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியும்," என்றாள். சொன்ன எதையும் மாற்றிச் சொல்லவில்லை.

இரண்டு மாதத்தில் தீர்ப்பு வந்தது. ரூத்தின் கண்காணிப்பு மையத்திலிருந்து மாவட்ட அதிகாரிக்கு மாற்றப்பட்டது. பிள்ளை அவர்களிடமே இருக்கலாம். கரு கொடுத்தவளுக்குத் தெரியாமல் இனி எந்தப் பேழையையும் நிறுத்தக் கூடாது, அவள் கையெழுத்து வேண்டும். ஏழாவது வாரத்தில் அந்தப் பெண்ணுக்கு மாத்திரை மறுத்தது சரியா என்ற கேள்வி இந்த வழக்கின் வரம்பில் வரவில்லை. அன்று மாலையே இரண்டு கட்சியும் தங்களுக்குத்தான் வெற்றி என்று பேட்டி கொடுத்தன.

நீதிமன்றப் படிக்கட்டில் இசக்கிப்ரியா தீர்ப்பின் நகலை நாலாக மடித்தாள்.

"பாத்தியளாக்கா? எட்டாம் வாரத்துல என் கையெழுத்துக்கு மதிப்பில்ல. இருவத்திநாலாம் வாரத்துல வந்து போடணுமாம். யாரும் வேண்டாம்னு தள்ளுனதுக்கப்புறம்." அவள் சிரித்தாள். கேட்கச் சகிக்காத சிரிப்பு. பிறகு ரூத்தின் போட்டோவைக் கேட்டு வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "மூக்கு நல்லாருக்கு," என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.

ஒரு மாதம் ஆகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து, ஏனோக் ரூத்தை மார்பில் போட்டுத் தூங்கவைத்துக்கொண்டிருந்தான். அவன் போன் அதிர்ந்தது. ஒரு கையால் எடுத்துப் படித்தவன், சத்தமில்லாமல் அதை ஜெமிமா பக்கம் நீட்டினான்.

'உங்கள் செல்ல மகளுக்கு ஒரு தம்பியோ தங்கையோ வேண்டாமா? இருபது வாரம் கடந்த பேழைகள் பாதிக் கட்டணத்தில். சில நாட்கள் மட்டுமே. புதுத்துளிர்.' கீழே ஒரு தொட்டில் படம், பலூன்கள்.

எறிவதற்காகத்தான் அவள் அந்தப் போனை வாங்கினாள். கை ஓங்கியபடியே நின்றது. ஏனோக் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அவள் மெதுவாகக் கையை இறக்கி, நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையைத் தொட்டாள். கட்டங்கள் வந்தன, வரிசை வரிசையாக. ஒவ்வொன்றின் மூலையிலும் இப்போது புதிதாகச் சிவப்பில் ஓர் எண், இருபத்திநாலாம் வாரத்துக்கு மிச்சமிருக்கிற நாட்கள்; கடைசிப் பக்கத்தில்தான் மிகக் குறைவு.

"என்ன ஜெமி பண்ணுத?"

"கடைசிப் பக்கத்துலேருந்து பாக்கேன்," என்றாள் அவள். கடைக்கு வந்தவளின் குரல் அது. அது அவளுக்கே நன்றாகக் கேட்டது. விரலை எடுக்கவில்லை.